நகரமைப்புப் பிரிவில் ஆளும் பணமும் ஏன் இல்லை? டெல்டாக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் வீடு கட்டுகிறவர்களுக்கும் மனை பிரிக்கிறவர்களுக்கும் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதனால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி, டி.டி.சி.பி. என்று எல்லா அலுவலகப் படியும் ஏறி இறங்குகிறேன். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது "எப்போது அனுமதி கிடைக்கும்?" என்பதுதான். பேசப் பேச, "ஏன் இவ்வளவு நாள் ஆகிறது? அங்கே ஆளே இல்லையா? நாங்கள் கட்டின பணம் எங்கே போகிறது?" என்று கேள்விகள் நீளும். அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களை மனதில் வைத்து எழுதியது.

நகரமைப்புப் பிரிவு, டி.டி.சி.பி. இரண்டும் ஒன்றா?

இல்லை. நகரமைப்புப் பிரிவு உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே இருப்பது. கட்டட அனுமதி, இடத்தைப் போய்ப் பார்ப்பது, விதிமீறலுக்கு நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. டி.டி.சி.பி. என்பது மாநில அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம். பெரிய கட்டடம், மனைப்பிரிவு, நில உபயோக மாற்றம் போன்றவை அங்கே போகும். இரண்டுக்கும் நடுவில் தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் உள்ளூர் திட்டக் குழுமம் இருக்கிறது. அதில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. ஆனால் கோப்பை நகர்த்தும் உறுப்பினர் செயலர் டி.டி.சி.பி. அதிகாரிதான்.

இவை அனைத்துக்கும் அடிப்படை 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இதற்கும் முன்னால் 1920-லேயே சென்னை மாகாணத்தில் நகரமைப்புக்கென்று சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அதை நடத்த வேண்டிய ஆட்கள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் திட்டமிடலை நகராட்சிக்குக் கொடுத்துவிட்டதே?

தாளில் கொடுத்தது. 1992-இல் வந்த அந்தத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. அதில் முதல் வரியே நகரத் திட்டமிடல், இரண்டாவது நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. ஆனால் அட்டவணையில் உள்ளவற்றில் எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் முடிவுக்கு விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் சின்னக் கட்டடங்களுக்கு அனுமதி தரும் வேலை உள்ளாட்சிக்கு வந்தது. ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை பெரும்பாலும் மாநிலத் துறையிடமே நின்றுவிட்டது. உள்ளாட்சிக்கு வந்த அந்தப் பாதி வேலைக்கும் போதிய ஆளோ பணமோ கூடவே வரவில்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

உண்மையில் எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்?

மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடு முழுவதும் மாநில நகரமைப்புத் துறைகளில் திட்டமிடுநர்களுக்கு ஒப்புதல் பெற்ற பணியிடங்கள் 3,945. அவற்றில் 42 சதவீதம் காலி. தேவையோ 12,000-க்கும் மேல் என்றது அது. நாட்டிலுள்ள 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே, அதாவது மாஸ்டர் பிளானே, கிடையாது என்றும் சொன்னது. பல மாநிலங்களில் திட்டமிடுநர் பதவிக்குத் திட்டமிடல் படிப்பே கட்டாயத் தகுதியாக இல்லை என்பதையும் அதே அறிக்கை எடுத்துக் காட்டியது.

இது தேசியக் கணக்கு. நம் பக்கத்து அலுவலகம் ஒன்று எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு மேசையில் நகரமைப்பு ஆய்வாளர். பக்கத்து மேசையில் பெயர்ப்பலகை இருக்கிறது, நாற்காலி காலி. அந்தப் பதவியையும் 'கூடுதல் பொறுப்பு' என்று இவரே பார்க்கிறார். காலையில் ஆணையர் கூட்டம். அப்புறம் நீதிமன்ற வழக்குக்குப் பதில் மனு தயாரிப்பது, முதல்வர் தனிப்பிரிவு மனுக்களுக்குப் பதில் எழுதுவது, ஆக்கிரமிப்பு அகற்றும் இடத்தில் போய் நிற்பது. ஆன்லைனில் வந்த விண்ணப்பங்களைத் திறந்து பார்க்க மாலையாகிவிடுகிறது. இடத்தைப் பார்க்கப் போவது அவருடைய சொந்த பைக்கில். ஊரின் வரைபடத்தை விரித்து, அடுத்த பத்து வருடத்தில் எந்தத் தெரு அகலப்பட வேண்டும் என்று யோசிக்க அந்த மனிதருக்கு எந்த நேரம் கிடைக்கும்? சோம்பேறிகள் என்று சொல்வது சுலபம். நான் பார்த்த பலர் வேலையை விரும்பிச் செய்கிறவர்கள். ஒருவர் தலையில் மூன்று பேர் வேலை விழுந்தால் மூன்றும் அரைகுறையாகத்தான் நடக்கும்.

பேரூராட்சியிலும் கிராம ஊராட்சியிலும் யார் பார்க்கிறார்கள்?

பேரூராட்சியில் செயல் அலுவலர் இருப்பார். பொறியாளர் பெரும்பாலும் பல பேரூராட்சிகளுக்குப் பொதுவானவர். அதிலும் அவர் நேரம் சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று போய்விடும்.

கிராம ஊராட்சியின் நிலைமை இன்னும் மோசம். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சித் தலைவர்தான் நிர்வாக அதிகாரி. தலைவர் பதவியில் இருக்கும்போது கட்டட அனுமதி அவர் பெயரில் போகும். உடன் இருப்பவர் ஊராட்சிச் செயலர் ஒருவர். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கிருக்கும் ஓவர்சியரும் பொறியாளரும் வீட்டுத் திட்டங்கள், நூறு நாள் வேலை, சாலைப் பணிகள் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள்.

2019 ஊரக உள்ளாட்சித் தேர்தல் நேரத்துக் கணக்கைப் பாருங்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் 589 கிராம ஊராட்சிகள், திருவாரூரில் 430, மயிலாடுதுறையும் சேர்ந்திருந்த அன்றைய நாகப்பட்டினத்தில் 434. மொத்தம் 1,453. மனைப்பிரிவுகள் அதிகமாக முளைப்பது நகராட்சி எல்லைக்குள் அல்ல, எல்லையை ஒட்டிய இந்த ஊராட்சிகளில்தான். நிலம் மலிவு, சாலை பக்கம், கேட்க ஆளில்லை. ஆக, திட்டமிடல் எங்கே அதிகம் தேவையோ அங்கே அது அறவே கிடையாது.

அனுமதிக்காக நான் கட்டும் பணம் எங்கே போகிறது?

இதைத் தெரிந்துகொள்ள எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், சொல்லத்தான் யாரும் இல்லை. உங்கள் கட்டண விவரத்தை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். எல்லா வரியும் எல்லோருக்கும் வராது; கட்டடத்தின் அளவையும் இடத்தையும் பொறுத்து மாறும்.

கட்டட உரிமக் கட்டணமும் பரிசீலனைக் கட்டணமும் அனுமதி தருகிற அமைப்புக்குப் போகும். உள்ளாட்சிக்கு வருவது அதன் பொதுநிதியில் சேரும். சேர்ந்த பிறகு அது நகரமைப்புக்கான பணம் என்று தனியாக நிற்காது. துப்புரவு, மின் கட்டணம், சம்பளம் என்று கரைந்துவிடும்.

வளர்ச்சிக் கட்டணம் என்று ஒன்று இருக்கும். 1971 சட்டத்தின் கீழ் வசூலிப்பது. நிலமோ கட்டடமோ வளர்ச்சி அடைவதால் ஊருக்கு ஏற்படும் செலவுக்காகவே வந்தது. திட்டமிடலுக்கும் அதை நிறைவேற்றுவதற்கும் செலவழிக்க வேண்டிய நிதி இது.

பெரிய கட்டடங்களுக்கு உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் வரும். 2007-இல் வந்த ஏற்பாடு. இது மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. கும்பகோணத்தில் அடுக்குமாடி கட்டினாலும் பணம் முதலில் சென்னைக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். திட்ட அறிக்கை தயாரித்து, கேட்டு, ஒப்புதல் வாங்கினால் வரும். அந்தத் திட்ட அறிக்கையைத் தயாரிக்க உள்ளூரில் ஆள் இல்லை என்றால் வராது. ஆள் இல்லாததால் பணம் வராது, பணம் வராததால் ஆள் எடுக்க முடியாது என்கிற சுழல் இங்கேதான் தொடங்குகிறது.

கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதி. அது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு. சரியான இடத்துக்குத்தான் போகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மனைப்பிரிவு என்றால் திறந்தவெளி ஒதுக்கீடும் உண்டு. பேச்சு வழக்கில் ஓ.எஸ்.ஆர். 3,000 சதுர மீட்டர் வரை கிடையாது. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை 10 சதவீத இடத்தைக் கொடுக்கலாம் அல்லது அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் இடமாகத்தான் கொடுக்க வேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குப் போகும். அப்படி வந்த பூங்கா இடங்களின் பட்டியல் உங்கள் ஊராட்சியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வாங்கி வைத்த இடத்துக்கு வேலி போடவும் ஆள் இல்லாமல் பல இடங்கள் கருவேலங்காடாகக் கிடக்கின்றன.

அப்புறம் பத்திரப்பதிவு. கிரயப் பத்திரத்துக்கு 5 சதவீத முத்திரைத்தீர்வையோடு 2 சதவீத மாற்றுத்தீர்வை சேர்த்துக் கட்டுகிறோம். அந்த 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கானது. வயல் மனையாக மாறி மாறி விற்கப்படும் ஊராட்சிகளுக்கு இது கணிசமான வருமானம். அதிலிருந்து திட்டமிடலுக்கு ஒரு பங்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மாநில நிதிக்குழு, மத்திய நிதிக்குழு பணம் வருகிறதே. அதில் ஆள் போடக் கூடாதா?

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தைத் தமிழ்நாடு உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் குடிநீர்க் கட்டணம், மின் கட்டணம், கடன் தவணை, ஓய்வூதியப் பங்கு என்று பிடித்தம் போக மிச்சம்தான் ஊருக்குக் கையில் கிடைக்கும்.

பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாயும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாயும் பரிந்துரைத்தது. கிராமங்களுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்தது. மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கு என்றாலும், அதில் சம்பளமும் நிர்வாகச் செலவும் கூடாது என்றது. ஆகவே அந்தப் பணத்தில் ஒரு திட்டமிடுநரை வைத்துச் சம்பளம் தர வழியில்லாமல் போனது. வடிகால் கட்ட முடிந்தது, எங்கே கட்ட வேண்டும் என்று சொல்கிறவருக்குக் காசு கொடுக்க முடியவில்லை.

மாநகராட்சி மன்றமே தீர்மானம் போட்டு ஆள் எடுத்துக்கொள்ளலாமே?

முடியாது. நிரந்தரப் பணியிடம் உருவாக்க அரசின் ஒப்புதல் வேண்டும். மன்றம் தீர்மானம் போட்டு அனுப்பலாம்; அது நகராட்சி நிர்வாகத் துறைக்குப் போய், நிதித் துறையைத் தாண்டி வர வேண்டும். சம்பளத்தைக் காலத்துக்கும் யார் கொடுப்பது என்ற கேள்வியில் பல கோப்புகள் படுத்துவிடுகின்றன. ஒப்பந்த அடிப்படையில் ஒருவரை வைத்தால், வேலை கற்றுக்கொண்டதும் தனியாருக்குப் போய்விடுகிறார்.

கும்பகோணம் 2021-இல் மாநகராட்சி ஆனது. தஞ்சாவூர் 2014-இல். பெயர்ப்பலகை மாற ஒரு நாள் போதும். மாநகராட்சித் தரத்துக்கு ஏற்ற நகரமைப்புப் பிரிவு உருவாக வேண்டுமென்றால் பணியிட ஒப்புதல், தேர்வு, பயிற்சி என்று வருடங்கள் பிடிக்கும். தரம் உயர்த்தும் ஆணையிலேயே பணியிடங்களையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் திடமான கருத்து.

ஆள் இல்லாததால் டெல்டாவில் அப்படி என்ன கெட்டுவிட்டது?

தண்ணீர் போகும் வழி கெட்டுவிட்டது.

மேட்டுப்பகுதியில் ஒரு மனைப்பிரிவு தப்பாக அமைந்தால் சாலை குறுகும், அவ்வளவுதான். டெல்டா தட்டை நிலம். கல்லணையில் பிரியும் தண்ணீர் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளை பிரிந்து, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று சிறுத்து வயலுக்குள் நுழைகிறது. பாய்ந்த தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் வடிய வடிகால் வாய்க்கால்கள் தனியாக உண்டு. சில அங்குல வாட்டத்தில்தான் எல்லாம் ஓடுகிறது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் மண் கொட்டினால் மேலே முப்பது ஏக்கர் நிற்கும்.

ஊராட்சி ஒன்றில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். நஞ்சை நிலம், மனை போட்டிருக்கிறார்கள். புல எல்லை வரைபடத்தில் வடக்கு ஓரமாக ஒரு வடிகால், இரட்டைக் கோடாகத் தெளிவாக இருக்கிறது. அளவுப்படி நான்கு மீட்டருக்குக் குறையாது. இடத்தில் போய் நின்றால் நான்கு மீட்டர் வாய்க்கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கிராவல் கொட்டி ஒன்றரை ஆள் உயரம் மேடாக்கி, சாலைக்கு அடியில் ஒன்றரை அடி சிமென்ட் குழாய் ஒன்றைப் புதைத்திருந்தார்கள். குழாயின் வாயில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டு நின்றது. மேல்பக்கத்து வயலில் சம்பா நடவு போட்டு இருபது நாள் பயிர், நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிகிறது. அந்த விவசாயி யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டார். ஊராட்சியில் கேட்டால் பொதுப்பணித் துறை என்கிறார்கள். அங்கே போனால் இந்த வாய்க்கால் எங்கள் பதிவேட்டில் இல்லை என்கிறார்கள். வருவாய்த் துறையில் நில அளவர் தேதி கொடுப்பார், காத்திருங்கள் என்கிறார்கள்.

அனுமதிக் கட்டத்திலேயே யாராவது ஒருவர் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்திருந்தால் இந்தச் சங்கடம் வந்திருக்காது. ஒரு காலை நேர வேலை. அந்த ஒருவர்தான் ஊராட்சியில் இல்லை.

மற்ற துறைகள் தடையின்மைச் சான்று தருகின்றனவே?

தருகின்றன. நஞ்சை என்றால் வேளாண் துறை பார்க்க வேண்டும், வெள்ளம் தேங்குமா என்று நீர்வளத் துறை சொல்ல வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே விளைநிலத்தை மாற்ற 2017-இல் தனி விதிகள் வந்தன; அதன்படி நஞ்சைக்கு ஆட்சியரின் இசைவு வேண்டும். தாராசுரம் ஐராவதேசுவரர் கோவில், தஞ்சைப் பெரிய கோவில் போன்ற மத்தியத் தொல்லியல் சின்னங்களின் பக்கம் என்றால் முதல் 100 மீட்டர் தடைப் பகுதி, அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. நாகை, மயிலாடுதுறை கரையோரத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகள்.

ஒவ்வொரு துறையும் தன் மூலையை மட்டும் பார்க்கும். எல்லாத் தாளையும் ஒரே மேசையில் பரப்பி, இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் திட்டமிடுநரின் தொழில்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் மனைப்பிரிவைத் தடுக்காதா?

2020-இல் வந்த அந்தச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களையும் உள்ளடக்கியது. மயிலாடுதுறையின் பெயர் 2023-இல் சேர்ந்தது. எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய வேலைகள், தாமிர, துத்தநாக, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல் ஆகியவற்றைத் தடை செய்கிறது. டெல்டா மக்கள் போராடிப் பெற்ற சட்டம், மதிக்க வேண்டியது. ஆனால் வீட்டு மனைப்பிரிவு அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. அதைப் பார்க்க வேண்டியது வழக்கமான நகர் ஊரமைப்புச் சட்டமும் அதன் அலுவலகமும்தான்.

அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தியது என்ன ஆயிற்று?

2016-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்ற பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அக்டோபர் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதி வரை பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. காலக்கெடு பல தடவை நீண்டது. மனைப்பிரிவுக்குக் கொள்கை ஒப்புதல் ஒரு பக்கம், தனித்தனி மனைக்கு உள்ளாட்சியின் ஆணை இன்னொரு பக்கம். இத்தனை வருடத்துப் பாக்கியும் ஏற்கெனவே ஆளில்லாத அதே மேசைகளில் வந்து விழுந்தது. கட்டணம் வந்தது, கூடுதல் ஆள் வரவில்லை. பழைய மனைகளுக்கு ஆணை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் புதிதாக எங்கே மண் கொட்டுகிறார்கள் என்று பார்க்க யாருக்கும் முடியவில்லை.

இப்போதுதான் சுயசான்று வந்துவிட்டதே, ஆள் எதற்கு?

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. சாதாரணக் குடும்பங்களுக்கு நல்ல காரியம். எனக்கும் அலைச்சல் குறைந்தது.

இதனால் மிச்சமாகும் நேரத்தை அலுவலகங்கள் வெளியே போய்ப் பார்ப்பதற்குத் திருப்ப வேண்டும். அனுமதி எளிதாகிற அளவுக்குக் கள ஆய்வு கூட வேண்டும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை வேய்ந்த வகுப்புகள், குறுகலான வழி, ஒரே வளாகத்தில் சமையல். உள்ளே போய்ப் பார்த்த எவருக்கும் கண்ணில் படக்கூடிய ஆபத்து அது. இந்த ஊரில் இருந்துகொண்டு, கட்டடத்தை நேரில் போய்ப் பார்க்க ஆள் வேண்டாம் என்று என்னால் சொல்லவே முடியாது.

விதிமீறலுக்கு நோட்டீஸ் கொடுக்கவும், பூட்டி முத்திரை வைக்கவும் 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகள் அதிகாரம் தருகின்றன. நோட்டீசுக்குப் பிறகு மேல்முறையீடு, வழக்கு, தடையாணை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோப்போடு போக ஒருவர் வேண்டும். ஆளில்லாத அலுவலகம் நோட்டீசோடு நின்றுவிடுகிறது.

மாஸ்டர் பிளான் வேலையைக் கன்சல்டன்ட் நிறுவனங்கள்தானே செய்கின்றன?

மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தில் 1 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குச் செயற்கைக்கோள் படத்தை வைத்து மாஸ்டர் பிளான் போடத் தனியாகப் பணம் வந்தது. தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் எல்லாம் அந்த அளவுள்ள ஊர்கள். இந்த மாதிரி வேலை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வெளி நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் செயற்கைக்கோள் படத்தில் பாசன வாய்க்காலும் வடிகாலும் ஒரே பச்சைக் கோடாகத் தெரியும். எது பாய்வது, எது வடிவது என்று மடைக்காரரைக் கேட்டால்தான் தெரியும். அதைக் கேட்டு, வரைவைத் திருத்தி அனுப்ப அலுவலகத்துக்குள் ஒருவர் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் போன பிறகு அந்தக் கணினிக் கோப்பைத் திறந்து வருடா வருடம் புதுப்பிக்கவும் ஒருவர் வேண்டும்.

ஸ்மார்ட் சிட்டியிலும் இதேதான். 2016-இல் தஞ்சாவூர் தேர்வானது. நகரம் ஒன்றுக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை, மாநிலம் அதற்குச் சமமாக என்பது திட்டம். பணிகளை நடத்தத் தனி நிறுவனம் அமைத்தார்கள். பணம் கட்டுமானத்துக்கு வந்தது. நிரந்தர நகரமைப்புப் பிரிவை வளர்க்க அந்தத் திட்டத்தில் இடமில்லாமல் போனது. இவ்வளவு பெரிய வாய்ப்பில் இப்படி விடுபட்டது எனக்கு மிகுந்த வருத்தம்.

2028 மகாமகத்துக்குள் கும்பகோணத்தில் ஏதாவது மாறுமா?

மாற வைக்கலாம். 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல். சாலை, கழிப்பறை, குளக்கரை வேலைகளுக்கு நிதி வரும், அதில் சந்தேகமில்லை. நான் கேட்பது, அந்த நிதி ஒதுக்கீட்டிலேயே நகரமைப்புப் பிரிவுக்கு நிரந்தரப் பணியிடங்களையும் சேர்க்க வேண்டும் என்பது. கூட்டம் போன பிறகும் ஊர் இருக்கிறதே.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்? என் மகள் கேட்கிறாள்.

திட்டமிடலில் இளநிலையாக பி.பிளான், முதுநிலையாக எம்.பிளான் உண்டு. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி இதற்குப் பெயர்பெற்றது. டி.டி.சி.பி.யின் உதவி இயக்குநர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. அறிவிப்பு வரும்போது தகுதியைப் படித்துப் பாருங்கள். டெல்டாவில் பிறந்து, வாய்க்கால் தெரிந்த பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போனால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

சரி, எத்தனை பேர் வேண்டும் என்கிறீர்கள்?

ஊராட்சிக்கு ஒருவர் என்று கேட்கவில்லை. ஒன்றியத்துக்கு ஒரு திட்டமிடுநர், அவரோடு ஒரு நில அளவர், ஒரு வரைவாளர், ஒரு வண்டி. ஒன்றியத்திலுள்ள பேரூராட்சிகளுக்கும் அவர்களே. நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் அனுமதிக் கோப்பு பார்க்கிறவர்கள் வேறு, திட்டம் போடுகிறவர்கள் வேறு என்று இரண்டு பிரிவாக வேண்டும். ஒன்றாக இருக்கும் வரை அன்றாடக் கோப்பு மற்றதை விழுங்கிவிடும்.

சம்பளத்துக்கு வழி? வளர்ச்சிக் கட்டணத்திலும் மாற்றுத்தீர்வையிலும் ஒரு நிலையான பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, அதை இந்தப் பணியிடங்களுக்கு மட்டும் என்று அரசாணை போட வேண்டும். நிலம் மனையாக மாறும்போது வரும் பணம் அந்த மாற்றத்தைக் கண்காணிக்கவே செலவாகட்டும். மாநிலம் ஆரம்பத்தில் சில வருடம் கை கொடுத்தால் பிறகு பெரும்பாலும் தானே ஓடும் என்று நம்புகிறேன். வருமானம் குறைந்த கடைமடை ஊராட்சிகளுக்கு மட்டும் மாநிலம் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் என்ன செய்ய முடியும்?

கிராமம் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. மனைப்பிரிவுகளின் பட்டியல், ஓ.எஸ்.ஆர். இடங்கள், வடிகால்களின் நிலை ஆகியவற்றைச் சபையில் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். நகரம் என்றால் பகுதி சபையிலும் வார்டு உறுப்பினரிடமும் கேட்கலாம்.

தகவல் உரிமைச் சட்ட மனுவும் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். "ஏன் ஆள் போடவில்லை?" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். நகரமைப்புப் பிரிவில் ஒப்புதல் பெற்ற பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, கூடுதல் பொறுப்பில் இருப்பவை எவை. கடந்த மூன்று நிதியாண்டில் கட்டட உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், ஓ.எஸ்.ஆர். கட்டணம் தனித்தனியாக எவ்வளவு வசூலானது, எந்தக் கணக்கில் இருக்கிறது, எதற்குச் செலவானது. காலிப் பணியிடம் நிரப்பக் கேட்டு அனுப்பிய கடிதங்களின் நகல். இந்த மூன்றும் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.

மனு தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டதே என்று கவலை வேண்டாம். சட்டத்தின் 6(3) பிரிவுப்படி அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும். டெல்டாவில் நகராட்சி, ஒன்றியம், டி.டி.சி.பி. மூன்றுக்கும் ஒரே நாளில் தனித்தனியாக அனுப்புவதுதான் என் வழக்கம். மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்த இடத்தில் யாருமே இல்லை என்பது தெரிந்துவிடும்.